சட்டைக்கையை விடாதவள்

சாக்கு மூட்டையின் மேல் ஒரு பெண்ணின் முதுகு வந்து விழுகிற சத்தம், பொத்தென்று. அதை ஒட்டியே விழுந்தவள் கிளுக்கென்று சிரிக்கிற சத்தம். இரண்டுக்கும் மேலாக ஸ்டெல்லாவின் குரல், "விடாதீங்கக்கா, சட்டைக் கைய விடாதீங்க" என்று தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம். எத்தனையோ வருசங்களுக்குப் பிறகும், பஸ்ஸில் யாராவது ஒரு மூட்டையை இறக்கிப் போட்டால் போதும், சாந்தாமணிக்கு இந்த மூன்று சத்தமும் வரிசை மாறாமல் கேட்கும், கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நிற்பாள்.

அந்தச் சத்தம் பிறந்த இடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பின்கட்டுக் கிடங்கு. துணி வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள், பெண் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்களாம். அந்தத் தாளுக்குப் பதில் எழுதுவதற்காகச் சனிக்கிழமைச் சாயங்காலங்களில் தற்காப்பு வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சொல்லிக்கொடுக்க வெளியாளைத் தேடவில்லை. பட்டன் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா, திண்டுக்கல்லில் படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்காக ஜூடோ ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கியவள் என்று தெரிந்ததும் அவளையே பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எதிரில் வரிசையாக நின்ற பெண்களில் பாதிப்பேர் அவளுக்குச் சித்தி வயதில் இருந்தார்கள், சேலைக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகச் சொன்னபோது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றே மூன்று வித்தைதான் அவள் சொல்லிக்கொடுத்தாள். எதிரில் நிற்கிறவனின் குதிகாலுக்குப் பின்னால் நம் காலைக் கொண்டுபோய் ஊன்றி, அவன் சட்டைக்கையை நம் பக்கம் இழுத்து, இன்னொரு கையால் தாடையைப் பின்னால் தள்ளினால், கால் பின்னே போக வழியில்லாமல் ஆள் மல்லாக்கச் சாய்வான். அதற்குப் பெண்கள் குடம் சாய்க்கிறது என்று பேர் வைத்தார்கள். வேகமாகப் பாய்ந்து வருகிறவனைத் தடுக்காமல், மணிக்கட்டைப் பிடித்து அவன் வந்த திசையிலேயே இழுத்துவிட்டு, ஓரடி ஒதுங்கிக் கால் நீட்டுவது பஸ்ஸுக்கு வழி விடறது. நாம் கீழே கிடக்கும்போது, மேலே நிற்கிறவனின் கணுக்காலை அணைத்துக்கொண்டு முழங்காலைத் தோளால் முட்டுவது சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டறது. பலம் வேண்டியதில்லை, அவன் எடைதான் நமக்குப் பலம் என்று ஸ்டெல்லா சொன்னாள், அவர்கள் நம்பவில்லை, பிறகு ஒருத்தி இன்னொருத்தியைச் சாய்த்துப் பார்த்து நம்பினார்கள்.

விழுவதற்கு விரிப்புக் கிடையாது. கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி, திணித்த சாக்கு நாலு கொடுத்திருந்தார்கள், மற்ற இடமெல்லாம் சிமெண்டுத் தரை. முதல் வாரமே ஒருத்தியின் பின்மண்டை தரையில் இடித்துப் புடைத்துவிட்டது. அதனால் ஸ்டெல்லா ஒரு சட்டம் போட்டாள்.

"தள்ளுறவதான் விழுறவ தலைக்குப் பொறுப்பு. கடைசி வரைக்கும் சட்டைக் கைய விடக் கூடாது. பிடிச்சு, மெதுவா இறக்கி விடணும். என்ன?"

"விடாதே, இறக்கு!" என்று இருபது குரல்கள் ஒன்றாகச் சொல்லும். எட்டு வாரம், ஒவ்வொரு சனிக்கிழமையும், நூறு தடவை சாந்தாமணி சாய்த்தாள், நூறு தடவை விடாமல் இறக்கினாள், செக்கிங் மேசையில் பீஸை மடிக்கிற கைக்கு மடிப்பது பழகிப்போகிற மாதிரி அந்தக் கைக்கு விடாமல் பிடிப்பது பழகிப்போயிற்று.

சாந்தாமணி வகுப்புக்குப் போனதற்குக் காரணம் தெருவில் திரிகிறவர்கள் இல்லை. அவள் குடியிருந்த லைன் வீட்டில் மொத்தம் எட்டு வாசல், நடுவில் ஒரு பொதுக் குழாய், குழாயடியில் ஒரு துவைக்கிற கல். எட்டாவது வாசல் அவளுடையது, எதிர்ச்சாரியில் மூன்றாவது வாசல் அவளுடைய அக்கா தெய்வானையுடையது. அம்மா அப்பா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் இருந்த இருபதடி சிமெண்டு முற்றம்தான் அவர்களுக்குப் பிறந்த வீடு. தெய்வானையின் புருசன் ரங்கராசு டையிங் பட்டறையில் சாயம் கலக்குகிறவன், நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும், அந்த நீலம் தெய்வானையின் கன்னத்திலும் முழங்கையிலும் வந்து வந்து போகும். சோறு குழைந்தால் அடித்தான், குழையாவிட்டால் அடித்தான், எதுவும் இல்லாத நாளில் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கிறாய் என்று அடித்தான். லைன் வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம், ரங்கராசு தெய்வானையைத் தலைமயிரைப் பிடித்துத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்து வந்தான். வரிசையில் நின்ற பெண்கள் அவரவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். சாந்தாமணி வாசலைத் தாண்டி வந்தாள், ஓடிக்கூட வரவில்லை, சனிக்கிழமை கிடங்கில் நடப்பதுபோலவே நடந்து வந்து, அவன் குதிகாலுக்குப் பின்னால் காலை ஊன்றி, சட்டைக்கையை இழுத்து, தாடையைத் தள்ளினாள். அக்காவின் மயிர் அவன் பிடியிலிருந்து நழுவியது. அவன் மல்லாக்கச் சாய்ந்தான். எட்டு வாரம் பழகிய வலது கை, தலை தரையில் இடித்துவிடக் கூடாதே என்று, அவன் சட்டைக்கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

அவன் விழவில்லை.

இடது கால் இடுப்பளவு உயரத்தில் தூக்கியபடி, வலது குதிகால் மட்டும் தரையைத் தொட்டபடி, தலை தரைக்கு இரண்டு முழம் மேலே, வாய் பாதி திறந்து, பாதி விழுந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டான். சாந்தாமணி பயந்து பின்வாங்கினாள், சட்டைக்கை அவள் விரலிலிருந்து உருவிக்கொண்டது, ஆனாலும் அவன் விழவில்லை. அவளுடைய விரல்களும் விரியவில்லை, ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்தபடி மூடியே இருந்தன.

"யாராச்சும் என்னத் தூக்குங்க" என்றான் ரங்கராசு.

ஆறு ஆண்கள் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு அமுக்கிப் பார்த்தார்கள், எல்லைக்கல்லைப் போல அசையாமல் இருந்தான். தீயணைப்பு வண்டி வந்தது, கயிறு போட்டு இழுத்தது, கயிறு அறுந்தது, போய்விட்டது. ஒரு ஏட்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "விழுந்திருந்தா கேசு எழுதலாம். இவன் இன்னும் விழலியே, என்னன்னு எழுதறது?" என்று தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். தெய்வானை முன்னால் இரண்டு தடவை ஸ்டேசனுக்குப் போனபோது, குடும்பத்துக்குள்ள நடக்கறதை என்னன்னு எழுதறது என்று சொன்னவரும் அவரேதான்.

ஒரு வாரம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாவது வாரம் குழாயடி வரிசை அவனைச் சுற்றி வளைந்து போகப் பழகிக்கொண்டது. வெயில் ஏறியபோது வீட்டுக்காரம்மா கருணாம்பாள் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து நாலு மூங்கிலில் கட்டிவிட்டாள், பூமியில் இடத்தை அடைக்காத குடித்தனக்காரன் இவன் ஒருத்தன்தான் என்று சொல்லிச் சிரித்தாள். நாவிதர் முக்காலி போட்டு உட்கார்ந்து, தலை ஏற்கெனவே சாய்ந்திருப்பதால் இந்த ஊரிலேயே சவரம் செய்ய வசதியான ஆள் இவர்தான் என்றார். யாரோ ஒருத்தி தூக்கிய காலின் பெருவிரலில் ஒரு கைக்குட்டையைக் காயப்போட்டாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றதும் மறுநாள் கொடிக்கயிற்றின் ஒரு முனையை அந்தக் கணுக்காலில் கட்டினார்கள், அதற்குப் பிறகு எட்டு வீட்டுத் துணியும் அவன் காலில்தான் காய்ந்தது.

"ரங்கண்ணா, மழை வருமா, துணி போடலாமுங்களா?"

"மேக்கால ஒரு கறுப்பு நிக்குது. அரைமணி பொறுத்துப் போடு அம்மிணி."

வானத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாதவன் சொல்வது பலித்தது. அவன் குரலே மாறிவிட்டிருந்தது. எந்த நொடியும் விழப்போகிறவனின் குரல், காற்றைக்கூட அதட்டாத குரல். சண்டை போட்ட புருசன் பெண்டாட்டி வந்து அவன் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து முறையிட்டார்கள், அவன் பொறுமையாகக் கேட்டு, விட்டுக்கொடுத்துப் போங்க என்றான். கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவன் நிழலில் படுக்க வைத்தார்கள். ஆடி மாதத்துக்குள் அவன் பெருவிரலுக்குக் குங்குமமும் முக்காலியில் எலுமிச்சம் பழமும் வந்துவிட்டன. அன்றைக்கு எதற்காக அவன் முற்றத்துக்கு வந்தான், கையில் எதைப் பிடித்துக்கொண்டு வந்தான் என்று யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போனது. குடத்துக்குள் எட்டிப் பார்த்தவர்கள் குடத்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

"தங்கமான மனுசன். பொம்பள கை வச்சதுல இப்பிடி ஆயிப்போச்சு" என்றார் டையிங் பட்டறைச் சுப்பையன்.

"தங்கமா? எங்க அக்கா உச்சந்தலையத் தொட்டுப் பாருங்க மாமா, ஒரு ரூபா அளவு மொட்டையா இருக்கும்" என்றாள் சாந்தாமணி.

"பழசையே பேசாத அம்மிணி. அந்தரத்துல கெடக்கறவனப் போயி..." என்று அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

முற்றத்து விசயம் காதுக்கு எட்டியதுமே, தொடங்கிய மூன்றாவது மாதத்திலேயே, கம்பெனி வகுப்பை நிறுத்திவிட்டிருந்தது. ஸ்டெல்லாவை வேலையிலிருந்து நிற்கச் சொன்னார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அவள் பையோடு லைன் வீட்டுக்கு வந்து, ரங்கராசை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எட்டாவது வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"கையக் காட்டுங்கக்கா."

சாந்தாமணி மூடிய கையை நீட்டினாள். இவ்வளவு நாளாக யாருக்கும் சொல்லாததை அவளிடம் மட்டும் சொன்னாள். கை வலிக்கவில்லை, கனக்கிறது. ஒரு ஆளின் முழு எடை, சாப்பிடும்போதும் குளிக்கும்போதும், இடது கையால் பீஸ் மடிக்கும்போதும், அந்தக் கையில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. விரித்தால் விழுந்துவிடுவான் என்று தெரிகிறது.

ஸ்டெல்லா அந்த மூடிய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "தப்பு என்னுதுக்கா" என்றாள் பிறகு. "நம்ம கிடங்குல தரை சிமெண்டு, அதனால பிடிச்சு இறக்கச் சொன்னேன். வெளிய நிஜமா தள்ளும்போது கைய விட்டுட்டு ஓடணும்னு சொல்லவே மறந்துட்டேன். இருபது பேருக்கும் சொல்ல மறந்துட்டேன்."

"விட்டிருந்தா?"

"விழுந்திருப்பான். எந்திரிச்சிருப்பான். மறுபடி அடிச்சிருப்பான். நீங்க மறுபடி தள்ளியிருப்பீங்க. அவ்வளவுதான்க்கா இந்த வித்தை. ஒரு நிமிசம் கிடைக்கும், ஓடறதுக்கு. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல."

"எங்க ஓடறது? என்ற வீடு இருவதடி தள்ளி இருக்குது" என்று சாந்தாமணி சிரித்தாள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

விரிக்கலாம்தான். கீழே நாலு சாக்கு மூட்டையைப் போட்டுவிட்டு விரித்தால் ஒரு கீறல்கூட விழாமல் எழுந்துவிடுவான். சாந்தாமணி விரிக்கவில்லை, ஏனென்றால் எதிர்ச்சாரியில் தெய்வானை மாறிக்கொண்டிருந்தாள். முதலில் கன்னத்து நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் அவளுடைய சொந்த நிறமாயிற்று. உச்சந்தலை மொட்டையில் குழந்தைக்கு முளைக்கிற மாதிரி பூனைமயிர் முளைத்தது. கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில் முதல் தடவையாக, சோறு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டாள், நாக்கைச் சுட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தங்கச்சி கம்பெனிக்கே, தைக்கிறவர்களுக்குத் துணி எடுத்துக்கொடுக்கிற கைமடிப் பெண்ணாக வந்து, நாலு மாதத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு தெருவின் நீளம் முழுக்கத் தின்றுகொண்டே வருவார்கள். ஒரு கையால் சடை போட முடியாத தங்கச்சிக்குத் தினமும் அக்காதான் தலைவாரிவிட்டாள், வாரும்போது பாடினாள். சாந்தாமணி கனத்தை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டாள். இந்தப் பாட்டுக்காக இன்னும் முப்பது வருசம் பிடிக்கலாம் என்று நினைத்தாள்.

அவனுக்குச் சோறு ஊட்டியதும், சேலையால் மறைப்புக் கட்டி மற்ற காரியங்களைப் பார்த்ததும் தெய்வானைதான். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, வேறு யாரும் முன்வரவும் இல்லை. ஐப்பசி மழை தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், உருண்டை பிடித்த சோற்றை வாயருகே கொண்டுபோனபோது ரங்கராசு அழுதான். தலை சாய்ந்திருந்ததால் கண்ணீர் கன்னத்துக்கு வராமல் பின்னால் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் முந்தானையை முறுக்கி, குழந்தைக்குச் செய்வதுபோல, காதைத் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து பாட்டு நின்றுவிட்டது.

"சாந்தா, கண்ணீரு காதுக்குள்ள போவுது அந்த மனுசனுக்கு" என்றாள் தலைவாரும்போது.

"போவட்டும்க்கா."

"மாறிட்டாருடி."

"அந்தரத்துல இருந்தா எல்லாருந்தான் மாறுவாங்க. தரையில கால் பட்டா என்ன ஆவாங்கன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

தெய்வானை சீப்பைக் கீழே வைத்தாள். "உன்ற கைதானே பிடிச்சிருக்குது?"

சாந்தாமணி மூடிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தலைவாரறவளுக்குத் தெரியாதா? ஒரு தோளு எறங்கிப்போச்சு உனக்கு. விரலு கருத்துப்போச்சு. இருவத்தெட்டு வயசு. போன வாரம் தரகர் வந்து, பொண்ணு கையில என்ன குறைன்னு கேட்டுட்டுப் போறாரு. என்ற புருசனத் தூக்கிக்கிட்டே உன்ற காலத்தை ஓட்டீருவியா நீ?"

"ஓட்டீருவேன். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? நாஞ் சிரிக்கறதுக்கு நீ சொமக்கறதா? அந்தச் சிரிப்பு எனக்கு வேணாம் கண்ணு."

"அக்கா, உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன், கேக்காத."

அந்த மாதம் முழுக்க அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள், தங்கச்சி முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கார்த்திகை பிறந்து முதல் ஞாயிறு, தெய்வானை கேட்கவில்லை. கம்பெனியிலிருந்து நாலு சாக்கு மூட்டையை வாங்கி வந்து, லைன் வீட்டு ஆட்களை வைத்து அவனுக்குக் கீழே அடுக்கிவிட்டு, ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயைச் சுட வைத்து எடுத்துக்கொண்டு எட்டாவது வாசலுக்கு வந்தாள். தங்கச்சியின் கையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் விட்டு நீவினாள். சாந்தாமணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. நீவ நீவ அவளுக்கு அழுகை வந்தது, கனம் தாங்காமல் வந்த அழுகையா, கனம் போகப்போகிறதே என்று வந்த அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல, தெய்வானை முதலில் சுண்டுவிரலைப் பிரித்தாள். முற்றத்தில் அவன் ஒரு சாண் இறங்கினான், கூட்டம் ஓவென்றது. மோதிர விரலைப் பிரித்தாள், நடுவிரலைப் பிரித்தாள். ஆட்காட்டி விரலைப் பிரிக்கும்போது சாந்தாமணி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருசம் இல்லாத சதைப்பிடிப்பு அந்தக் கன்னத்தில் இருந்தது.

"வேணாம்க்கா."

"கட்டை விரல் ஒண்ணுதான் கண்ணு."

அவன் மூட்டைகளின் மேல் விழுந்தான். விசிலடித்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். கருணாம்பாள் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னாள். ரங்கராசு தள்ளாடி எழுந்து நின்று, நாலு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டான். கணுக்காலில் கட்டியிருந்த கொடிக்கயிறு அவனோடு இழுபட்டு, எட்டு வீட்டுத் துணியும் ஈரத் தரையில் கிடந்தது, அவன் குனிந்து முடிச்சை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்து, வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினான். பக்கத்தில் வந்து நின்ற தெய்வானையின் இரண்டு கைகளும் உடனே மேலே போய் அவள் தலையை மூடிக்கொண்டன. மறுகணமே கீழே இறக்கி, சேலையைச் சரிசெய்வதுபோலச் செய்தாள். கூட்டம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாந்தாமணி மட்டும் அக்காவைப் பார்த்தாள்.

தை மாதம் அவன் கரூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பிடித்து, இந்த ஊரே எனக்கு அந்தரமாக இருக்கிறது என்று சொல்லி, தெய்வானையை அழைத்துக்கொண்டு போனான். லைன் வீட்டார் அவர்களுக்கு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுக் கண் கலங்கினார்கள். கொடிக்கயிற்றின் முனையைச் சுவரில் ஆணியடித்துக் கட்டினார்கள், மழை வருமா வராதா என்று பழையபடி அவரவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை தெய்வானை பக்கத்துக் கடையிலிருந்து போன் செய்தாள். நல்லா இருக்கறேன் கண்ணு என்றாள். வெள்ளாட்டுக் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம் என்றாள். பங்குனியில் போன் வரும் நாள் தள்ளித் தள்ளிப் போனது. சித்திரையில் ஒரே ஒரு தடவை பேசினாள், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள், இடது காதில் சரியாக விழவில்லை, ரிசீவரை வலது காதுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாள்.

தெய்வானை வைகாசி பத்தொன்பதாம் தேதி கரூரில் இறந்தாள். வயது முப்பத்து நாலு. கால் வழுக்கிக் கீழே விழுந்ததால் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது.